பாதி வழியில் நின்ற பயணம்

ஊர் சுற்றிப் பார்க்கும் ஆசை மனிதனுடன் கூடப் பிறந்தது. நம் முன்னோர் கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் சென்றனர். வழியிற் காடு, வழியில் ஆறு, வழியில் நோய். எனினும் ஆண்டுதோறும் சென்றனர். அவர்களுக்குப் பின் வந்தோர் மாட்டு வண்டி கட்டினர். அவர்தம் பிள்ளைகள் புகைவண்டி ஏறினர். இன்றைய இளைஞனோ மோட்டார் சைக்கிளை நாடுகின்றான். வாகனம் மாறியதேயன்றி ஆசை மாறவில்லை.

அந்த ஆசையைப் பழிப்பதற்காக நாம் எழுதுகோலை எடுக்கவில்லை. நெடுநாட் கனவு கண்டு, காசு சேர்த்து, நாட் பார்த்துப் புறப்படும் பயணமொன்று பாதி வழியில் விபத்தினால் முறிந்து போகுமாயின், அதன் பின் எஞ்சுவது யாது? பட்ட பாடெல்லாம் வீண்தானா? இக்கேள்வியை இன்று வாசகர்களுடன் கூடிச் சற்று ஆராய விரும்புகின்றோம். வன்னியில் வாழும் பெற்றோருக்கும் மாணவருக்கும் இது வெறும் ஏட்டுக் கேள்வியன்று. வீட்டு முற்றத்தில் மோட்டார் சைக்கிள் நிற்காத குடும்பங்கள் இன்று இங்கே அரிது.

காட்டு வழியும் கார் வழியும்

வன்னி நெடுங்காலமாகவே பிறர் கடந்து போகும் நிலமாக இருந்து வந்துள்ளது. 1905 ஜனவரியில் யாழ்ப்பாணத்திற் பதவியேற்க வந்த லெனாட் வூல்ப் என்னும் இளம் ஆங்கில உத்தியோகத்தர், அநுராதபுரம் வரை புகைவண்டியிலும் அதற்கப்பால் ஆனையிறவு வரை தபால் வண்டி எனப் பெயர் பெற்ற மாட்டு வண்டியிலும் வந்தார். இடைப்பட்ட காட்டினூடே இருப்புப்பாதை அப்போது முற்றுப்பெறவில்லை. பிற்காலத்தில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற அவர், தமது வாழ்க்கை வரலாற்றில் அந்தக் காட்டுப் பயணத்தை மறவாது குறித்துள்ளார். இன்று அதே காட்டை நாம் ஓரிரு மணி நேரத்திற் கடந்து விடுகின்றோம்.

கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ-9 வீதி ஏறத்தாழ 320 கிலோமீற்றர் நீளமுடையது. வவுனியா, ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன் என அது வன்னியை ஊடறுத்து ஆனையிறவை அடைகின்றது. மாங்குளத்திலிருந்தும் பரந்தனிலிருந்தும் இரு கிளைவழிகள் கிழக்கே திரும்பி முல்லைத்தீவுக் கடற்கரையிற் சென்று முடிகின்றன. முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் வாகனத்தை நிறுத்தித் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு புறப்படும் வழக்கத்தை அறியாதார் யார்? எத்துணை அவசரமாயினும் அவ்விடத்தில் ஒரு கணம் நிற்க வேண்டும் என்பது நம் பெரியோர் வகுத்த முறை. அம்முறையிற் பக்தியுடன் புத்தியும் கலந்திருக்கின்றது.

போர்க்காலத்தில் இவ்வீதி மூடுவதும் திறப்பதுமாகக் கிடந்தது. 2002-இற் போர்நிறுத்தம் வந்தபோது திறந்தது. 2006 ஆகஸ்டில் மூடியது. 2009-இற் போர் முடிந்த பின்னரே மீண்டும் திறந்தது. தடைக்காலத்தில் வன்னிக்குப் பெற்றோல் வருவது அருமை. எம்.டி. தொண்ணூறு என மக்கள் அழைத்த சிறிய ஹொண்டா மோட்டார் சைக்கிள்களை அன்று மண்ணெண்ணெயில் ஓட்டினர். மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் எளிதில் ஆவியாகாது. ஆதலின் முதலிற் சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, அது சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். புகை கக்கிக்கொண்டு அது குன்றும் குழியுமான வழியில் ஊர்ந்து போகும். அதில் நோயாளி போனார், மணமகள் போனாள், நெல் மூட்டையும் போயிற்று. அக்காலத்தில் மோட்டார் சைக்கிளில் உல்லாசப் பயணம் என்று யாரேனும் கூறியிருந்தால் கேட்டவர் நகைத்திருப்பர்.

அந்தத் தலைமுறையின் பிள்ளைகளே இன்று கல்லூரிகளிற் படிக்கின்றனர். வீதி பளபளவென்று கிடக்கின்றது. தடையில்லை, சோதனைச் சாவடியில்லை. தந்தையர் அஞ்சி அஞ்சிக் கடந்த வழியைப் பிள்ளைகள் ஆசையுடன் பார்க்கின்றனர். பறந்து போக வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றுவதில் வியப்பென்ன?

மூன்று மாணவரின் கனவு

நம்மிடம் உயர்தர வகுப்பிற் கற்று வெளியேறிய மாணவர் மூவர் இப்படியொரு கனவு கண்டனர். வன்னியைச் சுற்றி நான்கு நாட் பயணம். கிளிநொச்சியிற் புறப்பட்டுப் பரந்தன் வழியாகப் புதுக்குடியிருப்பு, முல்லைத்தீவு, வற்றாப்பளையிற் கண்ணகி அம்மன் தரிசனம், ஒட்டுசுட்டானில் தான்தோன்றீஸ்வரர் தரிசனம், பின்னர் மாங்குளம், வவுனியா, மடு, அங்கிருந்து மேற்குக் கரையோரமாகப் பூநகரி, மீண்டும் வீடு. பயணத்துக்கென மூன்றாண்டுகள் காசு சேர்த்தனர். ஒருவன் தந்தையின் வயலிற் கூலிக்காரனைப் போல் நின்று உழைத்தான். பழைய மோட்டார் சைக்கிள்கள் இரண்டை வாங்கித் தாமே கழற்றிப் பூட்டினர். வீட்டாரிடம் அனுமதி பெறுவதற்கு மட்டும் ஓராண்டு சென்றதாம்!

புறப்பட்ட முதல் நாளே மாலை மங்கும் வேளையில், ஒட்டுசுட்டானைக் கடந்து மாங்குளம் நோக்கிச் செல்கையில், பற்றைக்குள்ளிருந்து பசுவொன்று வீதியில் ஏறியது. முன்னே சென்றவன் பிறேக்கை அழுத்தினான். வண்டி சரிந்து, பசுவின் பின்னங்கால்களில் மோதியது. பின்னிருந்தவன் மணலில் வீழ்ந்து சிராய்ப்புடன் தப்பினான். ஓட்டியவனுக்குக் காறை எலும்பும் மணிக்கட்டும் முறிந்தன. அவன் அணிந்திருந்த தலைக்கவசம் நெற்றிக்கு மேலே நீளமாக வெடித்திருந்தது. அக்கவசத்தை நாம் பின்னர் கையில் வாங்கிப் பார்த்தோம். வெடித்தது கவசமாயிருந்ததே என்று நன்றி கூறாதிருக்க முடியவில்லை.

சத்தம் கேட்டு ஓடி வந்தவர் அப்பசுவின் சொந்தக்காரராகிய ஒரு கமக்காரர். கால் முறிந்து கிடந்த பசுவை அவர் ஒரு முறை பார்த்தார். பிறகு பிள்ளைகளின் பக்கம் திரும்பினார். தமது லாண்ட்மாஸ்டர்ப் பெட்டியில் வைக்கோலைப் பரப்பி, அடிபட்டவனைக் கிடத்தி, வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றார். பசு மறுநாள் இறந்து விட்டது. அந்த வீட்டின் பாற்காசு அத்துடன் நின்றது.

சில நாட் கழித்து, பையனின் தந்தை பசுவின் விலையை எடுத்துக்கொண்டு கமக்காரரின் வீட்டுக்குப் போனார். நாமும் உடன் சென்றிருந்தோம். கமக்காரர் பணத்தை எண்ணிப் பாதியைத் திருப்பிக் கொடுத்தார். "தம்பி வேகமாய் வந்தது அவன்ரை பிழை, மாட்டைக் கட்டாமல் விட்டது என்ரை பிழை. பாதிதான் ஐயா உங்கடை கணக்கு" என்றார். தந்தை வற்புறுத்தியபோது, "மாடு போனால் மாடு தேடலாம், பிள்ளை போயிருந்தால் நீங்கள் எங்கை போய்த் தேடுறது?" என்றார். நீதி நூல்கள் பல கற்றோம்; இத்துணைச் சுருக்கமாக நீதி வழங்கியவரை நாம் அதிகம் கண்டதில்லை.

அந்தப் பையன் பின்னர் கூறிய ஒரு வார்த்தை நம்மைச் சிந்திக்க வைத்தது. அன்று காலை முதல் மாலை வரை அவன் கடந்த ஊர்களில் எதுவுமே அவனுக்குத் தெளிவாக நினைவில்லையாம். கமக்காரரின் முற்றமோ, அங்கு நின்ற வேம்பு, கவிழ்த்து வைத்த பாற்செம்பு, விளக்குடன் ஓடி வந்த அம்மா என ஒவ்வொன்றும் கண்ணுக்குள் நிற்கின்றதாம். இவ்வார்த்தையைக் கேட்டபோது, உலகம் அறிந்த இன்னொரு மோட்டார் சைக்கிள் பயணம் நம் நினைவுக்கு வந்தது. அதிலும் ஒரு மாடு குறுக்கிட்டது!

பலசாலி என்னும் வண்டி

1952-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள் ஆர்ஜென்ரீனாவின் தலைநகரான புவெனஸ் அயர்ஸிலிருந்து இருவர் ஒரு மோட்டார் சைக்கிளிற் புறப்பட்டனர். ஒருவர் அல்பேர்ட்டோ கிரனாடோ, தொழுநோய் மருத்துவத்துறையிற் பணியாற்றிய உயிர்இரசாயன அறிஞர், வயது 29. மற்றவர் எர்னெஸ்ட்டோ குவேரா; மருத்துவக் கல்லூரி மாணவர்; வயது 23; சிறு வயது முதல் ஆஸ்த்மா நோயால் வருந்தியவர். தென்னமெரிக்கா முழுவதையும் சுற்றிப் பார்க்க வேண்டும் என்பது கிரனாடோவின் பல்லாண்டுக் கனவு. அவர்களது வண்டி 1939-ஆம் ஆண்டில் ஆக்கப்பட்ட 500 குதிரையாற்றல் கொண்டதென்று யாரும் எண்ண வேண்டாம். 500 கனசென்ரிமீற்றர் கொள்ளளவுடைய பழைய நோர்ட்டன் அது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'லா பொதெரோசா'. பலசாலி என்பது பொருள்.

பெயருக்கேற்ற பலம் அதற்கு இருக்கவில்லை. இரு ஆட்களும் பொதிகளும் ஏறிய சுமையுடன் அது மணலிலும் சரளையிலும் அடிக்கடி சரிந்தது. கம்பியால் இழுத்துக் கட்டுவதும், ஊர்தோறும் பட்டறை தேடுவதுமாகவே நாட்கள் சென்றன. பெப்ரவரி நடுவில் மலைத்தொடரைக் கடந்து சிலி நாட்டிற் புகுந்தனர். தெமூக்கோ நகரப் பத்திரிகையொன்று அவர்களைத் தொழுநோய் நிபுணர்கள் எனப் புகழ்ந்து செய்தி வெளியிட்டது. மருத்துவப் படிப்பை இன்னும் முடிக்காத குவேராவும் ஒரே நாளில் நிபுணராகி விட்டார்! அந்தப் பத்திரிகைத் துண்டைக் காட்டிச் சில இடங்களில் விருந்தும் பெற்றனர்.

லவுத்தாரோ என்னும் ஊரை விட்டுப் புறப்பட்ட பின் வண்டியின் விதி முடிந்தது. சரிவான வழியில் இறங்குகையிற் பிறேக் அறுந்தது. எதிரே ஒரு மாட்டின் தலை தெரிந்தது; பின்னர் மந்தையே தெரிந்தது. ஒட்டுப்போட்ட கைப்பிறேக்கும் முறிந்தது. இருபுறமும் மாடுகள் விலக, வண்டி மந்தையினூடே பாய்ந்தது. கடைசி மாட்டின் காலை மட்டும் உராய்ந்து, கீழே ஓடிய ஆற்றை நோக்கிச் சென்றது. வண்டியைச் செலுத்திய குவேரா அதை வழியோரத் திட்டின்மேல் ஏற்றினார். இரு பாறைகளுக்கிடையே அது சிக்கி நின்றது. இருவருக்கும் காயமில்லை. சில நாட்களில் வண்டி அடியோடு ஓய்ந்தது. லொறியொன்றில் ஏற்றி, சிலியின் தலைநகரான சந்தியாகோ வரை கொண்டு சென்று அங்கே விட்டுப் பிரிந்தனர். மோட்டார் சைக்கிளிற் கண்டத்தைச் சுற்றும் கனவு இரண்டு மாதங்களில் முடிந்தது.

அவர்கள் வீடு திரும்பியிருந்தால் உலகம் அவர்களை மறந்திருக்கும். ஆனால் நடந்தும், லொறிகளில் இரந்து இடம் பெற்றும், கப்பலில் வேலை செய்தும் மேலே சென்றனர். வண்டியிற் சென்றவரை அவர்களைச் சாகசக்காரர் என மக்கள் விலகி நின்று பார்த்தனர். வண்டி போன பின் தம்மைப் போன்ற வழிப்போக்கர் என அருகில் வந்து பேசினர். வால்பரைசோவில், ஆஸ்த்மாவும் நெஞ்சு நோயும் வாட்டிய ஏழை மூதாட்டியொருத்தியைக் குவேரா பார்க்க நேர்ந்தது. அவளது வறுமைக்கு மருந்து தம்மிடம் இல்லை என உணர்ந்தார். சுக்கிகமாட்டா செப்புச் சுரங்கத்துக்குச் செல்லும் வழியில், பாலைவனக் குளிரில் போர்வையுமின்றி இரவைக் கழித்த தொழிலாளத் தம்பதியரைக் கண்டனர். தம்மிடமிருந்த போர்வைகளில் ஒன்றை அவர்களுக்குக் கொடுத்தனர். பெரு நாட்டில், அமேசன் ஆற்றங்கரையிலுள்ள சான் பாப்லோ தொழுநோயாளர் குடியிருப்பிற் சில நாட்கள் தங்கினர். கையுறை அணியாது நோயாளருடன் கைகுலுக்கினர். அவர்களுடன் பந்து விளையாடினர். அங்கிருந்து ஒரு தெப்பத்தில் ஆற்றோடு மிதந்து சென்று, ஜூலையில் வெனிசுவேலா சேர்ந்தனர்.

கிரனாடோ அங்கேயே தொழுநோய் மருத்துவமனையொன்றிற் பணிக்கு அமர்ந்தார். குவேரா ஊர் திரும்பி, 1953-இல் மருத்துவராகத் தேறினார். அவரே பின்னர் 'சே' என உலகறிந்த கியூபப் புரட்சியாளர். 1959 ஆகஸ்டில் கியூப அரசின் தூதராக இலங்கைக்கும் வந்து, ஹொரணைக்கு அண்மையிலுள்ள யஹலகலே றப்பர்த் தோட்டத்தில் ஒரு மகோகனி மரம் நட்டார். 1967-இற் பொலிவியாவிற் கொல்லப்பட்டார். அவர் கொண்ட அரசியலை ஏற்போரும் உளர், மறுப்போரும் உளர். அது வேறு விவாதம். கிரனாடோ 1961-இற் கியூபா சென்று மருத்துவக் கல்வியில் ஈடுபட்டு, 2011-இல் 88-ஆம் வயதில் ஹவானாவிற் காலமானார். அப்பயணக் குறிப்புகள் பின்னர் நூலாகவும், 2004-இற் படமாகவும் வெளிவந்தன. நூலின் ஆங்கிலப் பதிப்பின் பெயரிலும் படத்தின் பெயரிலும் மோட்டார் சைக்கிள் இருக்கின்றது. அவ்விருவர் வாழ்வை மாற்றிய சம்பவங்களுட் பெரும்பாலானவையோ மோட்டார் சைக்கிள் இல்லாத நாட்களில் நிகழ்ந்தவை!

எழுந்து வர வேண்டும்

ஆகவே வண்டி விழுந்த இடத்திற் பயணம் முடிய வேண்டியதில்லை என்பது பெறப்படும். ஆயினும் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. வண்டி விழலாம், ஆள் எழுந்து வர வேண்டும்.

ஆங்கிலேயரான ரி. ஈ. லோறன்ஸ், முதல் உலகப் போர்க்கால அராபியக் கிளர்ச்சியிற் பங்கு கொண்டு பெயர் பெற்றவர். மோட்டார் சைக்கிள் மீது அளவிறந்த மோகம் கொண்டவர். 1935 மே 13-ஆம் நாள், தம் வீட்டுக்கு அண்மையில், சைக்கிளில் வந்த இரு சிறுவர்களுக்கு விலகப் போய்த் தூக்கியெறியப்பட்டார். தலையிற் கவசமில்லை. ஆறு நாட்கள் உணர்வின்றிக் கிடந்து, 46-ஆம் வயதில் மாண்டார். அவரைப் பார்த்த மருத்துவர்களுள் ஹியூ கெயான்ஸ் என்னும் மூளைச் சத்திரசிகிச்சை நிபுணரும் ஒருவர். அம்மரணம் அவரை ஆராயத் தூண்டியது. இரண்டாம் உலகப் போரின் முதல் 21 மாதங்களில் பிரித்தானியாவில் மோட்டார் சைக்கிளிற் சென்ற 2,279 பேர் வீதி விபத்துக்களில் இறந்ததை 1941-இல் எடுத்துக் காட்டினார். தலையிற் பட்ட காயமே பெரும்பாலான மரணங்களுக்குக் காரணம். தலைக்கவசம் அணிந்து விபத்துக்குள்ளானோரில் அவர் காண முடிந்தது ஏழு பேரை மட்டுமே. அந்த எழுவரும் பிழைத்திருந்தனர். அவ்வாண்டே பிரித்தானியப் படை தன் மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்க்குக் கவசத்தைக் கட்டாயமாக்கியது. பொதுமக்களுக்கான சட்டம் 1973-இலேயே வந்தது. அறிவு பிறந்தும் அதைச் சட்டமாக்க 32 ஆண்டுகள் சென்றன!

பிற்காலத்திற் பல நாட்டு ஆய்வுகளை ஒருங்கு சேர்த்து நோக்கியோர், தலைக்கவசம் மரண அபாயத்தை ஏறத்தாழ 42 விழுக்காடும், தலைக்காய அபாயத்தை 69 விழுக்காடும் குறைக்கின்றது எனக் கண்டனர். இலங்கைச் சட்டம் ஓட்டுபவருக்கும் பின்னிருப்பவருக்கும் கவசத்தைக் கட்டாயமாக்கியுள்ளது. எனினும் பின்னிருக்கும் தாயும் நடுவிலிருக்கும் குழந்தையும் வெறுந்தலையுடன் போவதை நம் ஊர்களில் இன்றும் காண்கின்றோம். பொலிசாரைக் கண்டதும் கைப்பிடியிலிருந்து தலைக்கு ஏறும் கவசமும் உண்டு. வார் பூட்டப்படாத கவசம் விழும்போது தலையை விட்டு முதலிற் கழன்று ஓடும். அதனால் ஆவது ஒன்றுமில்லை.

கவசம் அணிந்தால் எதுவும் நேராது என்று கூறவும் நாம் துணியோம். இந்தியாவில் ஜெய்ப்பூரைச் சேர்ந்த வீணு பாலிவால் என்னும் பெண்மணி, ஹார்லி டேவிட்சன் வண்டியில் நெடும்பயணங்கள் செய்து புகழ் பெற்றவர். இரு பிள்ளைகளின் தாய். 2016-இல் நாடு தழுவிய பயணமொன்றை மேற்கொண்டிருந்தார். தோழர் ஒருவர் வேறொரு வண்டியில் உடன் வந்தார். ஏப்ரல் 11-ஆம் நாள் மத்தியப் பிரதேசத்தின் விதிஷா மாவட்டத்தில், கியாரஸ்பூருக்கு அண்மையில், அவரது வண்டி வழுக்கி வீதியை விட்டு விலகியது. வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றும் உயிர் பிழைக்கவில்லை. அவர் அனுபவமற்றவர் அல்லர். விளையாட்டுக்காக ஓட்டியவரும் அல்லர். யானைக்கும் அடி சறுக்கும் என்பது நம் பழமொழி. சறுக்குவது யானைக்கே நேருமாயின், உயர்தரப் பரீட்சை முடித்த கையோடு வண்டி ஏறும் நம் பிள்ளைகள் எம்மாத்திரம்?

பிறர் கண்ணுக்காக ஓட்டுவோரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2023 செப்டெம்பர் 17-ஆம் நாள் காஞ்சிபுரத்துக்கு அண்மையில் தாமல் என்னுமிடத்தில், யூரியூப் காணொளிகளாற் பெயர் பெற்ற டி.டி.எஃப். வாசன், முன்சக்கரத்தை உயர்த்தி ஓட்ட முனைந்தபோது விழுந்து கை முறிந்தார். அவரது ஓட்டுநர் உரிமம் பத்தாண்டுகளுக்கு இடைநிறுத்தப்பட்டது. நம் மாணவர் பலர் அக்காணொளிகளைப் பார்த்தவர்களே. ஒரு கணச் சாகசத்துக்கு விலை பத்தாண்டு என்பதையும் அவர்கள் சேர்த்துப் பார்ப்பாராக.

ஒரு சிறு கணக்கு

மாணவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்வோம். மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்திற் செல்பவன் ஒரு செக்கனில் 22 மீற்றர் கடக்கின்றான். எதிரில் மாடு நிற்பதைக் கண் கண்டு, மூளை உணர்ந்து, கையும் காலும் பிறேக்கை அழுத்துவதற்கு ஒன்றரைச் செக்கன் என வைத்துக்கொள்வோம். அதற்குள் 33 மீற்றர் போய்விடுகின்றது. பின்னர் உலர்ந்த வீதியில் வண்டி நிற்பதற்கு மேலும் 35 மீற்றர் வேண்டும். மொத்தம் 68 மீற்றர். வேகம் 40 கிலோமீற்றர் ஆயின் முதற் பகுதி 17 மீற்றர், அடுத்தது 9 மீற்றர். மொத்தம் 26 மீற்றர். வேகம் பாதியாகும்போது பிறேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கில் ஒன்றாகின்றது. இருளில், தாழ்த்திய முன்விளக்கு 40, 50 மீற்றருக்கு அப்பாற் கருநிற மாட்டைத் தெளிவாகக் காட்டாது. அப்படியாயின் 80-இற் செல்பவன், மாட்டைக் காணும் கணத்திலேயே நிற்கும் வாய்ப்பை இழந்து விட்டான். அவன் கெட்டிக்காரனா, மந்தனா என்பது அங்கே பொருட்டில்லை.

வன்னி வீதிகளில் இக்கணக்கு வெறும் கணக்கன்று. இரவிற் சூடாறாத தார் வீதியிற் கட்டாக்காலி மாடுகள் சுகமாகப் படுத்துறங்கும். மேய்ச்சற்றரை குறைந்து போனமையால் மாடுகள் வீதியோரம் வருவது கூடியுள்ளது. பிரதேச சபைகள் பிடித்துத் தண்டம் அறவிட்டும் குறைந்தபாடில்லை. அறுவடைக் காலத்தில் வீதியின் பாதியில் நெல் காயும். அதன்மேல் ஏறிய சில்லு மணலில் ஏறியது போல வழுக்கும். காடு சூழ்ந்த கிளைவழிகளில் மாலைக்குப் பின் யானை நிற்கும். 2014-இல் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கிய பின், காவலற்ற கடவைகளில் இருபுறமும் பார்த்துக் கடக்க மறப்போரும் உளர். நாடு முழுவதும் வீதி விபத்துக்களில் ஆண்டுதோறும் 2,000-இற்கு மேற்பட்டோர் இறக்கின்றனர். அவர்களுட் பெருந்தொகையினர் மோட்டார் சைக்கிளிற் சென்றோர்.

ஆதலின் நெடும்பயணம் போகும் பிள்ளைகள் சிலவற்றை மனத்திற் பதித்துக்கொள்க. பொழுது சாயுமுன் தங்குமிடம் சேருங்கள். ஊருக்கு வெளியிலும் மோட்டார் சைக்கிளுக்குச் சட்டம் விதித்த எல்லை 70 கிலோமீற்றர், ஊருக்குள் 50. மணிக்கொரு முறை இறங்கி நில்லுங்கள். பிறேக்கையும் சில்லையும் புறப்படு முன் தெரிந்தவரிடம் காட்டுங்கள். விபத்து நேரின் 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் அம்புலன்ஸ் வண்டி இலவசமாக வரும். கழுத்திலோ முதுகிலோ அடிபட்டவரைப் பதற்றத்தில் இழுத்துத் தூக்காதீர்கள். மாடு வளர்ப்போர், மாலையில் மாட்டைக் கட்டையிற் கட்டுக. கமக்காரர் கூறிய பாதிக் கணக்கு அவர்களுக்கும் உரியது.

பெற்றோர்க்கு

பிள்ளை பயணம் போக வேண்டுமெனக் கேட்டால் உடனே மறுத்து விடாதீர்கள். மறுக்கப்பட்ட ஆசை பொய் சொல்லக் கற்றுக்கொள்ளும். டியூட்டறிக்குப் போவதாகக் கூறி மாங்குளம் வரை ஓடிவிட்டு வரும். எந்த வழி, எங்கே தங்கல், யாருடன், எத்தனை மணிக்குத் தொலைபேசியிற் பேசுவாய் எனக் கேளுங்கள். வேண்டுமாயின் வரைபடத்தை விரித்து உடனிருந்து திட்டமிடுங்கள். நீங்கள் மண்ணெண்ணெய் வண்டியில் அந்த வழியைக் கடந்த கதையையும் அப்போது சொல்லுங்கள். அதைக் கேட்ட பிள்ளைக்கு அந்த வீதி ஓட்டப்பந்தயத் திடலாகத் தோன்றாது.

எங்கேனும் வண்டி நின்று போனால், திட்டம் குலைந்ததே என்று பிள்ளைகளும் கலங்க வேண்டாம். வன்னியிற் பார்ப்பதற்கு உள்ளவை வேகத்திற்கு அகப்படுபவை அல்ல. இரணைமடுவின் அணைக்கட்டில் மாலைக் காற்று, நந்திக்கடலோரத்திற் கண்ணகி கோயில், பண்டாரவன்னியன் 1803-இல் தோல்வியுற்றதை நினைவூட்டும் கல் நின்ற கற்சிலைமடு, தேநீர்க் கடை வாங்கிற் குந்தியிருந்து முன்னாளைய கதை கூறும் முதியவர், இவையெல்லாம் நிற்பவருக்கே காட்சி தருவன. பஸ்ஸில் இறங்கியும் காணலாம். சைக்கிளில் மிதித்தும் காணலாம்.

காறை எலும்பு முறிந்த அந்த மாணவன் இன்று முற்றிலும் குணமடைந்து விட்டான். விட்ட பயணத்தை எப்போது முடிக்கப் போகின்றாய் எனக் கேட்டோம். தைப்பொங்கலுக்குக் கமக்காரர் வீட்டுக்குப் பஸ்ஸிற் போய் வந்ததாகவும், மாங்குளத்துக்கு அப்பாலுள்ள வழியை அடுத்த விடுமுறையில், பகல் வேளையில், மெதுவாகப் பார்க்கப் போவதாகவும் கூறினான். வன்னியின் ஊர்கள் எங்கும் ஓடிப்போகமாட்டா. அவற்றைக் காணப் போகும் பிள்ளைகள் பத்திரமாகத் திரும்பி வந்து, கண்டதை வீட்டிலுள்ளோர்க்குச் சொல்ல வேண்டும். அதுவே நம் வேண்டுகோள்.